குடிநோயாளரும் துணைக்குழுவும்: ஆயர் பணியில் மறக்கப்பட்ட ஒரு கடமை

நள்ளிரவு வேளையில் ஒரு பெண் தன் பிள்ளைகளோடு வந்து ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டுகிறாள். "ஐயா, நீங்கள்தாம் அவருக்குப் புத்தி சொல்லவேண்டும்" என்று அழுகிறாள். மறுநாள் ஆயர் அவள் கணவனை அழைத்துப் பேசுகிறார். அவனும் அழுகிறான். திருமறையின்மேல் கைவைத்து, இனித் தொடுவதில்லை என்று உறுதி கூறுகிறான். ஆயர் செபித்து அனுப்புகிறார். மூன்று வாரங்கள் கழித்து அதே பெண் அதே கதவைத் தட்டுகிறாள். இரண்டாம் முறை ஆயர் கடிந்துகொள்கிறார். மூன்றாம் முறை சலிப்படைகிறார். நான்காம் முறை காரியம் சேகரக் குழுவின் முன் வருகிறது. அம்மனிதன் திருவிருந்தினின்று விலக்கப்படுகிறான். சில ஆண்டுகளுக்குப்பின் அதே ஆயரோ, அவருக்குப்பின் வந்தவரோ, அவனை அடக்கம்பண்ணுகிறார்.

சேகரப் பணியில் சில ஆண்டுகள் இருந்த எவருக்கும் இது புதிய கதை அன்று. இந்நிகழ்ச்சியில் ஆயர் அன்பில் குறைவுபட்டார் என்று சொல்ல முடியாது. அவர் அறிந்த வழிகள் மூன்று: அறிவுரை, செபம், ஒழுங்கு நடவடிக்கை. நான்காவது வழி ஒன்று உண்டு என்பதை இறையியல் கல்லூரியில் அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. குடியினின்று மீண்டவர்களும் மீள விரும்புகிறவர்களும் ஒன்றுகூடும் துணைக்குழுவே அவ்வழி. அது யாது, அதைத் தேடிக் கண்டடைவது எவ்வாறு, ஒருவரை அங்கு அனுப்பும் ஆயர் செய்யவேண்டியதும் செய்யக்கூடாததும் எவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஓர் ஆயருக்கு வந்த தொலைபேசி அழைப்பு

இக்குழுக்களுள் மூத்ததும் பரந்ததுமாகிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) இயக்கத்தின் தொடக்கத்தில் ஓர் ஆயருக்குச் சிறிய பங்கு உண்டு. 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச்சந்தைத் தொழிலர் பில் வில்சன் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் ஒரு விடுதியில் தனித்திருந்தார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த தொழில்முயற்சி தோற்றுவிட்டது. விடுதியின் மதுக்கூடம் அருகிலேயே இருந்தது. அவ்வேளையில் அவர் உணர்ந்தது இது: தாம் குடிக்காமல் இருக்கவேண்டுமானால், தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளரோடு பேசவேண்டும். விடுதிக் கூடத்தில் தொங்கிய ஆலயங்களின் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தெரிந்து தொலைபேசியில் அழைத்தார். அழைப்பை ஏற்றவர் வால்டர் டங்க்ஸ் என்னும் எப்பிஸ்கோப்பல் திருச்சபை ஆயர். முன்பின் அறியாத ஒருவர், தாம் குடிநோயாளர் என்றும் தமக்கு இன்னொரு குடிநோயாளர் தேவை என்றும் கூறியபோது, அவ்வாயர் தொலைபேசியை வைத்துவிடவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. சிலருடைய பெயர்களைக் கொடுத்தார். அவ்வழியே வில்சன் ஹென்ரியட்டா சைபர்லிங் என்னும் அம்மையாரையும், அவர்மூலம் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரையும் கண்டடைந்தார்.

மருத்துவர் ஸ்மித் கால்மணி நேரம் மட்டுமே பேச இசைந்து வந்தவர். பல மணி நேரம் பேசியிருந்தார். அவர் இறைப்பற்று இல்லாதவர் அல்லர். ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கத்தோடு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தொடர்பு கொண்டு, வேதம் வாசித்துச் செபித்துவந்தவர். ஆயினும் குடி நிற்கவில்லை. வில்சனிடம் அவர் கண்ட புதுமை, வில்சன் தம் சொந்த அனுபவத்தைப் பேசினார் என்பதே. இடையில் ஒருமுறை ஸ்மித் வீழ்ந்தார். எனினும் 1935 சூன் 10ஆம் நாளுக்குப்பின் அவர் குடிக்கவில்லை. அந்நாளையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. இயக்கத்துக்குப் பெயர் தந்த நூல் 1939இல் வெளிவந்தது. இந்தியாவில் இவ்வியக்கம் 1957இல் வேரூன்றியது. இன்று தமிழிலும் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

இவ்வரலாற்றில் ஆயர் டங்க்ஸ் செய்தது சிறிய செயல். ஆனால் இன்றியமையாத செயல். குணமாக்கியவர் அவர் அல்லர். ஒரு குடிநோயாளர் இன்னொரு குடிநோயாளரிடம் சென்று சேர வழிதிறந்தவர் அவர். நம்மிடம் எதிர்பார்க்கப்படுவதும் பெரும்பாலும் இதுவே.

2. பாவமா, நோயா?

குடியைப் பாவமென்று போதித்து வளர்ந்த மரபு நம்முடையது. அதனை நோயென்றால் பொறுப்பு நீங்கிவிடுமோ என்று அஞ்சுகிறோம். அமெரிக்க மருத்துவக் கழகம் 1956இல் குடிநோயை மருத்துவச் சிகிச்சைக்குரிய நோய் என்று அறிவித்தது. நாள்பட்ட குடியினால் மூளையின் இயக்கமே மாறிவிடுகிறது என்பதும், முதல் கிண்ணத்துக்குப்பின் நிறுத்தும் ஆற்றல் குன்றிவிடுகிறது என்பதும் இன்று தெளிவு. விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையையே செய்கிறேன் என்று பவுலடியார் உரோமர் 7இல் விவரிக்கும் போராட்டத்தை, குடிநோயாளரைவிட நன்கு அறிந்தவர் எவர்? பாவம் என்னும் சொல்லை நாம் கைவிடவேண்டியதில்லை. அடிமைத்தனம் என்பதும் பாவத்தைக் குறிக்கும் விவிலியச் சொல்லே. அடிமைக்கு வேண்டுவது கண்டனம் அன்று, விடுதலை. நோயாளி நோய்க்குப் பழிசுமக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்துண்ணும் பொறுப்பு அவனுடையது. துணைக்குழுக்கள் நடைமுறையில் கொண்டிருக்கும் நிலை இதுவே.

நம் நாட்டில் இதன் பரப்பு பெரிது. அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 கோடிப்பேர், மது அருந்துகின்றனர். 2.7 விழுக்காட்டினர் அதற்கு அடிமைப்பட்டவர்கள். அவ்வாறு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். எஞ்சிய 37 பேரில் சிலர் ஞாயிறுதோறும் நம் ஆலயத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும்.

3. குழுவில் நடப்பது என்ன?

கூட்டம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நடைபெறும். பள்ளி வகுப்பறை, ஆலய வளாகத்துக் கூடம், மருத்துவமனை அறை எதுவாயினும் போதும். கட்டணம் இல்லை. உறுப்பினராவதற்கு வேண்டிய தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே. சாதி, சமயம், கல்வி, பதவி எதுவும் வினவப்படுவதில்லை. குடியைவிட்டுச் சிலகாலம் ஆனவர் ஒருவர் தலைமை ஏற்பார். பன்னிரு படிகள் வாசிக்கப்படும். பின்னர் ஒவ்வொருவராகத் தம் பெயரை மட்டும் கூறி, தாம் குடிநோயாளர் என்று ஒப்புக்கொண்டு, குடியால் தமக்கு நேர்ந்தது, மாற்றம் வந்த விதம், இன்றைய நிலை ஆகியவற்றைப் பேசுவர். பேசுகிறவரை இடைமறிப்பதில்லை, அவருக்கு அறிவுரை கூறுவதுமில்லை. புதியவர் பேசாமலே கேட்டிருக்கலாம். இறுதியில் விரும்பியோர் செலவுக்குச் சில ரூபாய் இடுவர். ஒரு செபம் சொல்லிக் கலைவர். இறையியலர் ரைன்ஹோல்டு நீபூரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் மனஅமைதிக்கான சிறு செபமே பெரிதும் பயன்படுகிறது.

பன்னிரு படிகளின் சாரம் வருமாறு: மதுவின்முன் தன் ஆற்றல் செல்லாது என்று ஒப்புக்கொள்ளுதல், தன்னினும் மேலான ஓர் ஆற்றலால் நலம்பெற முடியும் என நம்பி அதனிடம் தன்னை ஒப்புவித்தல், தன் வாழ்வை அஞ்சாது ஆய்ந்து, கண்ட குறைகளைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் அறிக்கையிடுதல், தீங்கிழைக்கப்பட்டோர்க்கு இயன்றவரை ஈடுசெய்தல், செபத்திலும் தியானத்திலும் நிலைத்தல், பிற குடிநோயாளருக்கு இச்செய்தியைக் கொண்டுசெல்லுதல். பாவ உணர்வு, அறிக்கை, மனந்திரும்புதல், ஈடுசெய்தல், சாட்சி என்னும் வரிசையை இங்கு நாம் எளிதில் இனங்கண்டுகொள்ளலாம். நியூயார்க்கின் கால்வரி ஆலய ஆயராயிருந்த சாமுவேல் ஷூமேக்கரின் போதனை இப்படிகளுக்கு ஊற்றுகளுள் ஒன்று என்பதை வில்சனே ஏற்றுக்கொண்டார்.

மேலும் இரு வழக்கங்கள் அறியத்தக்கவை. முதலாவது, வாழ்நாள் முழுமைக்குமான சபதம் அங்கு கேட்கப்படுவதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருப்பதே இலக்கு. நம் சபதங்கள் உடைவதற்கும், உடைந்தபின் வெட்கத்தால் மீண்டும் குடிக்கத் தூண்டுவதற்கும் காரணம் அவற்றின் அளவு மீறிய நீளமே. இரண்டாவது, புதியவர் குழுவில் மூத்த ஒருவரைத் தமக்குத் துணைவராக, அவர்கள் வழக்கில் ‘ஸ்பான்சர்’ ஆக, தெரிந்துகொள்கிறார். குடிக்கும் உந்துதல் எழும்போது, கடைக்குச் செல்லுமுன் அவரோடு பேசுகிறார்.

இதனால் பயன் உண்டா? 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 10,565 பேர் பங்குகொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. ஏ.ஏ.வில் பங்குகொள்ளுமாறு முறையாக வழிநடத்தப்பட்டோரில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப்பின் முற்றிலும் குடியாதிருந்தனர். பிற சிகிச்சை முறைகளில் அது 35 விழுக்காடு. இது மாயமருந்து அன்று. பாதிப்பேருக்கு மேல் மீண்டும் வீழ்கின்றனர் என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. ஆகவே அனுப்பியவுடன் எல்லாம் முடிந்தது என்று ஆயர் எண்ணலாகாது.

4. தேடிக் கண்டடைதல்

அ. முதலில் மருத்துவர். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாளிலேயே கைந்நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனம் குழம்பி, இல்லாத உருவங்களைக் கண்டும் இல்லாத குரல்களைக் கேட்டும் அலறும் நிலை வரலாம். இதனைப் பேய் பிடித்தது எனக் கருதி மருத்துவமனைக்குப் பதிலாகச் செபவீட்டுக்குக் கொண்டுசெல்வது பெருந்தவறு. குடியை விடுவிக்கவென்று மூன்று நாள் உபவாசத்தில் அமர்த்துவதும் அவ்வாறே. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, குடிநோய் மீட்பு மையத்தையோ முதலில் நாடவேண்டும். 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை இத்துறையில் தமிழகத்துக்கு வழிகாட்டியது. குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்குமாறு விற்கப்படும் மருந்துகளையும் விலக்கவேண்டும். அவற்றுள் சில, மதுவோடு சேரும்போது உயிர்க்கேடு விளைவிக்கும்.

ஆ. குழுவை முன்னரே அறிந்திருத்தல். தேவை வந்தபின் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். தம் சேகரத்துக்கு அண்மையில் எக்கிழமை, எந்நேரம், எவ்விடத்தில், எம்மொழியில் கூட்டம் நடைபெறுகிறது என்பதை ஆயர் குறித்து வைத்திருக்கவேண்டும். மீட்பு மையங்களின் ஆலோசகர்களும் மனநல மருத்துவர்களும் இதனைப் பெரும்பாலும் அறிவர். அரசின் 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் கிடைக்கும். அண்மையில் குழு இல்லாத சிற்றூரார்க்கு இணையவழிக் கூட்டங்களும் இன்று உதவுகின்றன.

இ. ஆயரே ஒருமுறை செல்லுதல். கூட்டங்கள் இருவகை: குடிநோயாளர் மட்டும் கலந்துகொள்ளும் மூடிய கூட்டம், ஆர்வமுள்ள எவரும் வரக்கூடிய திறந்த கூட்டம். திறந்த கூட்டமொன்றில் முன்னறிவித்துச் சென்று பின்வரிசையில் அமர்ந்து கேட்பது, பல நூல்களைக் கற்பதினும் பயன்தரும். அங்கு ஆயர் அங்கியும் வேண்டாம். ஆசி கூறவும் வேண்டாம்.

ஈ. முதல் நாள். குழுவின் முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பத்தில் ஒருவரும் செல்லமாட்டார் எனலாம். முன்னரே குழுவினரில் ஒருவரோடு பேசி, அவரே வந்து அழைத்துச் செல்லுமாறு ஏற்பாடு செய்வது சிறந்தது. வெளியூரிலுள்ள குழுவைச் சிலர் விரும்புவர், அதற்கு இடங்கொடுக்கவேண்டும். முதற்கூட்டம் பிடிக்கவில்லையெனில், குழுக்கள் ஒன்றுபோல் இரா என்று கூறி, வேறு குழுக்களுக்கும் சென்றுபார்க்குமாறு ஊக்குவிக்கவேண்டும். தொடக்கத்தில் தொண்ணூறு நாட்களில் தொண்ணூறு கூட்டங்களுக்குச் செல்க என்பது பழைய உறுப்பினர் பலர் கூறும் அறிவுரை. நம் ஊர்களில் அஃது இயலாதெனினும், அடிக்கடி செல்லவேண்டும் என்னும் அதன் கருத்து பொருந்தும்.

உ. மறைபொருள் காத்தல். அங்கு கேட்டது அங்கேயே நிற்கவேண்டும் என்பது குழுவின் உயிர்நிலை. இன்னார் கூட்டத்துக்குச் செல்கிறார் என்று சேகரக் குழுவில் கூறுவதும், பெயர்சொல்லிப் பொதுச்செபத்தில் வேண்டுவதும், மூன்று மாதம் நிறைந்தவரைச் சாட்சி சொல்லப் பீடத்தில் நிறுத்துவதும் நல்லெண்ணத்தால் நாம் செய்யும் தீங்குகள். அவர் மீண்டும் வீழ்ந்தால், ஆலயத்துக்குத் திரும்பும் வழியை நாமே அடைத்தவர்களாவோம்.

5. எழும் இறையியல் ஐயங்கள்

கிறிஸ்துவின் பெயர் கூறாது, ஒவ்வொருவரும் தாம் அறிந்தவாறு கடவுளை எண்ணிக்கொள்ளலாம் என்னும் குழுவுக்கு ஓர் ஆயர் எவ்வாறு அனுப்பலாம்? இவ்வையம் நேர்மையானது. கிறிஸ்துவைப் பெயர்சொல்லி அறிக்கையிடும் மீட்புக் குழுக்களும் உண்டு. 1991இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘செலிபரேட் ரெக்கவரி’ அத்தகையது. ஆனால் அவை எங்கும் கிடைப்பனவல்ல. நாம் நோக்கவேண்டியது இது: மருத்துவமனையில் கிறிஸ்துவின் பெயர் அறிவிக்கப்படாவிடினும் நோயாளியை அங்கு அனுப்புகிறோம், அங்குக் கிடைக்கும் நலமும் இறைவனின் கொடையே என நன்றி கூறுகிறோம். அத்தேனே நகரில் அறியப்படாத தெய்வத்தின் பலிபீடத்தைக் கண்ட பவுல் அதனை இடிக்கச் சொல்லவில்லை, அங்கிருந்தே பேசத் தொடங்கினார் (அப். 17). குழு தன்னைத் திருச்சபை என்று கூறிக்கொள்வதில்லை. சமயக் கொள்கை எதனையும் கற்பிப்பதுமில்லை. நம் உறுப்பினர் அங்குத் தன்னை ஒப்புவிக்கும் இறைவன் யார் என்பதைக் கற்பிப்பது திருச்சபையின் பணி. அப்பணியைக் குழு பறித்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் ஐயம் வேறொரு திசையிலிருந்து வருவது. ஏற்கெனவே ஒடுக்கப்பட்டோரிடம், பெண்களிடம், ‘நீ ஆற்றலற்றவன் என்று ஒப்புக்கொள்’ என்று கூறுவது விடுதலையாகுமா? ஆற்றலின்மை மதுவைக் குறித்து மட்டுமே கூறப்படுகிறது என்று நாம் தெளிவுபடுத்தவேண்டும். அதனை ஒப்புக்கொண்டவர் பலர், பிற துறைகளில் தம் ஆற்றலை முதன்முறையாகக் கண்டடைகின்றனர். எனினும் இவ்வையத்தில் ஓர் உண்மை உண்டு. குழு தன் மரபின்படி வெளி விவகாரங்களில் கருத்துக் கூறாது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மீண்டும் நீங்கியது; 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் நிறுவப்பட்டு, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில் உள்ளது. அரசின் வருவாய் குடிமக்களின் குடியில் தங்கியிருக்கும் இந்நிலையைப் பற்றிப் பேசுவது குழுவின் வேலை அன்று. அது திருச்சபையின் இறைவாக்குப் பணி. தெருவில் மதுக்கடையை எதிர்த்து முழங்கிவிட்டு, ஆலயத்தில் குடிநோயாளரை ஒதுக்கும் சபையின் முழக்கம் வெறுமையானது.

மூன்றாவது ஐயம் நம்மைப் பற்றியது. இத்தகைய வெளிப்படையான பேச்சுக்கு மக்கள் ஏன் ஆலயத்துக்கு வெளியே செல்லவேண்டியுள்ளது? ஒருவருக்கொருவர் அறிக்கையிடுமாறு யாக்கோபு 5:16 கற்பிக்கிறது. உடன்பிறப்புகளின் பரஸ்பர உரையாடலையும் ஆறுதலையும் நற்செய்தி நம்மை வந்தடையும் வழிகளுள் ஒன்றாக லுத்தர் 1537ஆம் ஆண்டின் ஸ்மால்கால்டு விதிகளில் எண்ணினார். 1742இல் பிரிஸ்டலில் வெஸ்லியின் சங்கத்தார் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களும் இதனையே நாடின. பக்திமான்களின் ஐக்கியத்தில் பாவியாயிருக்க எவருக்கும் இடமில்லாது போவதைப் போன்ஹோபர் 1939இல் வெளியிட்ட கூட்டுவாழ்வு பற்றிய நூலில் சுட்டிக்காட்டினார். நம் மரபிலிருந்து நாம் கைநழுவவிட்டதை, குடிநோயாளர் ஒரு பழைய வகுப்பறையில் காத்துவைத்துள்ளனர்.

6. குடும்பமும் சபையும்

கதவைத் தட்டிய பெண்ணை மறந்துவிடலாகாது. பொறுமையாயிரு என்பது மட்டும் அவளுக்குரிய நற்செய்தி அன்று. அடிக்கப்படும் இல்லத்தில் முதற்கடமை, அவளுடைய, பிள்ளைகளுடைய பாதுகாப்பு. குடிநோயாளரின் குடும்பத்தார்க்கென 1951இல் அமைந்த ‘அல்-அனான்’ குழுக்களும், இளையோர்க்கான ‘அலட்டீன்’ குழுக்களும் உள்ளன. கணவர் குழுவுக்குச் செல்ல மறுத்தாலும் மனைவி செல்லலாம். அவருடைய குடிக்குத் தான் காரணம் அல்லள் என்பதையும், அவருடைய கடனைத் தான் அடைத்துக்கொண்டே இருப்பது குடியை நீட்டிக்கிறது என்பதையும் அவள் அங்குக் கேட்டறிவாள். குடிக்கும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் நாணத்தால் மறைந்தே இருக்கின்றனர். அவர்களை முதலில் தனியே மருத்துவரிடம் சேர்ப்பதே ஏற்றது.

சபை செய்யக்கூடியவை சில உண்டு. வாரம் ஒரு மாலை ஒரு கூடத்தைக் குழுவுக்குத் திறந்துவிடலாம். வெளியாரின் நன்கொடையை ஏற்பதில்லை என்பது குழுவின் மரபாதலால், அவர்கள் சிறிது வாடகை தர முன்வருவர்; அதனை மறுக்காது பெற்றுக்கொள்வதே அவர்களை மதிப்பது. கூடத்தைத் தந்ததனால் கூட்டத்தை நடத்தும் உரிமை நமக்கு வந்துவிடாது. புளித்த திராட்சரசம் வழங்கும் சபைகள் புளியாத சாற்றுக்கு மாறலாம். ஒருவருக்கு மட்டும் தனிக்கிண்ணம் தருவது அவரை அடையாளங்காட்டிவிடும். திருவிருந்தினின்று விலக்கும் நடவடிக்கை, மீள விரும்பிச் சிகிச்சை பெறுகிறவருக்குப் பொருந்துமா என்பதைச் சேகரக் குழுக்கள் மறுஆய்வு செய்யவேண்டும்.

முடிவுரை

யோவான் 11இல், கல்லறையினின்று இலாசருவை அழைத்தவர் ஆண்டவர். அவன் உயிரோடு வெளியே வந்தான். ஆனால் கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருந்தன. அக்கட்டுகளை அவிழ்க்கும் வேலையை ஆண்டவர் தாமே செய்யாமல், சுற்றிநின்றவர்களுக்குக் கொடுத்தார். உயிர் தருவது நம் வேலை அன்று. அஃது ஆயருடையதும் அன்று, குழுவினுடையதும் அன்று. கட்டவிழ்ப்பதே நமக்குக் கொடுக்கப்பட்டது. குடியின் கட்டு எங்கே இறுகும், எவ்விடத்தில் முடிச்சு என்பதை நன்கறிந்தவர், ஒருகாலத்தில் அதே சீலையால் கட்டுண்டிருந்தவரே.

ஆகவே அடுத்த முறை நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது, ஆயரிடம் அறிவுரையும் செபமும் இருப்பதோடு, ஒரு மருத்துவரின் பெயரும், மீண்ட ஒருவரின் தொலைபேசி எண்ணும், கூட்டம் நடைபெறும் கிழமையும் நேரமும் இருக்கட்டும். ஆக்ரன் நகரத்து ஆயரிடம் இருந்தவை சில பெயர்களே. அன்று அவை போதுமானவையாயிருந்தன.